மூக்கைப் பொத்திக்கிட்டு கடக்கிற முருகன் வீடு

ஓம் சரவணபவ.

இந்த வாரம் திருப்புகழ் விளக்கம் போடுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். இன்னிக்கு வேற ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் சொல்லணும்.

அனகாபுத்தூர்ல இருந்து குன்றத்தூர் முருகன் கோவிலுக்குப் போறவங்களுக்கு வழி தெரியும். நடுவுல அடையாறு. பைக்ல போனா பாலத்தைக் கடக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. பாலம் வந்ததும் பின்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மா முந்தானையை மூக்குல வச்சுக்குவாங்க. நான் மூச்சைப் பிடிச்சுக்குவேன். பாலம் தாண்டினதும் மூச்சை விட்டுட்டு "அரோகரா" சொல்லுவேன். காலேஜ் படிச்ச காலத்துல இருந்து இதே பழக்கம்தான். ஒரே வழியில ஒரு இடத்துல மூக்கைப் பொத்துறேன், அடுத்த இடத்துல கை கூப்புறேன். இது எனக்கு ஒரு நாளும் உறைச்சதில்ல.

போன தை மாசம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். பரண்ல இருந்து பழைய சாமி படம் ஒண்ணு கிடைச்சது. கண்ணாடி போட்ட பெரிய முருகன் படம், வள்ளி தெய்வானையோட. உள்ள காகிதம் உப்பி, முகம் பாதி கறையா இருந்துச்சு. பழைய சாமி படத்தைக் குப்பையில போடக்கூடாது, ஓடுற தண்ணியில விடணும்னு எல்லாரும் சொல்லுவாங்க இல்லையா? நானும் பூஜை அறையில இருந்த காய்ஞ்ச மாலை, விபூதி பாக்கெட், கற்பூர டப்பா எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு, படத்தையும் எடுத்துக்கிட்டுப் போய் பாலத்து மேல இருந்து போட்டுட்டு வந்துட்டேன். போடும்போது "முருகா"ன்னு சொல்லித்தான் போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஆயா பரணைப் பார்த்துட்டுக் கேட்டாங்க.

"எங்கடா முருகன்?"

"எந்த முருகன் ஆயா?"

"தண்ணி வந்தப்ப மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தேனே, அவன்."

"அதான் உப்பிப் போச்சே ஆயா. ஆத்துல விட்டுட்டேன்."

"எந்த ஆத்துல?"

கோவமா கேட்கல. நிஜமாவே புரியாம கேட்டாங்க. இங்க ஆறுன்னு ஒண்ணு இருக்குறதே நினைவுக்கு வராத மாதிரி. ஆயாவுக்கு இப்ப எண்பது வயசு ஆகப்போகுது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்ப அந்த ஆத்துல குளிச்சவங்க, ஊத்து தோண்டி குடிக்கத் தண்ணி எடுத்தவங்க. நான் எதுல போட்டேன்னு சொல்ல எனக்கு வேற வார்த்தை கிடைக்கல. "பாலத்துக்குக் கீழ" அப்படின்னு மட்டும் சொன்னேன். ஆயா ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க.

"தண்ணி வந்தப்ப"ன்னா எங்க ஊர்ல ஒரே அர்த்தம்தான். 2015 டிசம்பர் 1. அப்ப நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டாங்க. அந்த உபரித் தண்ணி திருநீர்மலைப் பக்கம் அடையாறுல சேரும், அடுத்து நாங்கதான். ராத்திரி வீட்டை விட்டு வெளிய வரும்போது அப்பா என் சர்டிபிகேட் ஃபைலைத் தலையில வச்சுக்கிட்டார். ஆயா அந்தப் படத்தைச் சுவத்துல இருந்து கழட்டி முந்தானையில சுத்தி எடுத்துக்கிட்டாங்க. தண்ணியில இருந்து அவங்க காப்பாத்திக் கொண்டு வந்த முருகனை நான் தூக்கித் தண்ணியில போட்டிருக்கேன்.

மறுநாள் காலையில ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு ஆத்துக்குப் போனேன். படம் எங்கயும் போகல. ஓடுற தண்ணியா இருந்தாத்தானே போகும்? பாலத்துல இருந்து கொஞ்ச தூரத்துல ஆகாயத்தாமரையில மாட்டிக்கிட்டு மல்லாந்து கிடந்தது. கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு. பக்கத்துல என் கவர், முடிச்சுகூட அவிழல. கரையில இறங்கினேன், முழங்கால் வரைக்கும் சேறு உள்ள இழுத்துச்சு. அங்க பாட்டில் பொறுக்கிட்டு இருந்த ஒரு அண்ணன் நீளக் கம்பியால கொக்கி போட்டு இழுத்துக் கொடுத்தார். "நம்ம படம் அண்ணா, தெரியாம போட்டுட்டேன்"னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "தெனம் ஒரு சாமி வருது தம்பி. யாரும் திரும்பி வந்து கேட்டதில்ல" அப்படின்னார்.

இதுக்கப்புறம்தான் நான் திருமுருகாற்றுப்படையை முழுசா உட்கார்ந்து படிச்சேன். அது வரைக்கும் பாராயண புத்தகத்துல வேகமா ஓட்டினதோட சரி. நான் பன்னிரண்டாவதோட தமிழை விட்டவன், உரை இல்லாம ஒரு வரி புரியாது. ஒரு நாளைக்குப் பத்து வரின்னு உரையோட படிச்சேன். மொத்தம் 317 வரி, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வந்துச்சு. இது சாமி பாட்டா, காட்டைப் பத்தின பாட்டா?

சாமி பாட்டுதான், அதுல சந்தேகமே இல்ல. சங்க இலக்கியத்துல பத்துப்பாட்டின் முதல் பாட்டு, சைவத் திருமுறையில பதினோராம் திருமுறையில இருக்கிற பாட்டு. ஆனா நக்கீரர் முருகனை எப்படிக் காட்டுறார்னு பாருங்க. முதல்ல கடல்ல இருந்து சூரியன் எழும்புது. அந்த ஒளி மாதிரி அவன். அடுத்து மேகம் கடல் தண்ணியை மொண்டு வந்து மலைக்காட்டுல முதல் மழையைக் கொட்டுது. அந்த ஈரத்துல இருட்டா அடர்ந்து வளர்ந்த கடம்ப மரம். அதோட உருண்டைப் பூவுல கட்டின மாலை அவன் மார்புல அசையுது. மாலையைச் சொல்றதுக்கு நமக்கு ஒரு வார்த்தை போதும், பூக்கடையில நூறு ரூபா. அவருக்கு மாலையைச் சொல்லணும்னா கடல், மேகம், மழை, காடு, மரம் எல்லாத்தையும் சொல்லியாகணும். இதுல ஒண்ணு இல்லேன்னாலும் அந்த மாலை இல்ல.

திருப்பரங்குன்றத்தை எப்படிச் சொல்றார் தெரியுமா? ஒரு வண்டை வச்சு. அது ராத்திரி தாமரையில தூங்குது, விடியக்காலையில நெய்தல் பூவுக்குப் போகுது, வெயில் வந்ததும் மலைச்சுனையில மலர்ந்த பூவுக்கு வந்து ரீங்காரம் பண்ணுது. அந்த வண்டோட ஷிஃப்ட் டைமிங் மொத்தமும் எழுதி வச்சிருக்கார்! வயல்ல தாமரை, நீர்நிலையில நெய்தல், மலையில சுனைன்னு மூணு நீர்நிலை இருந்தாத்தான் அந்த வண்டு ஒரு நாளை ஓட்ட முடியும். நக்கீரருக்குத் தெரிஞ்சிருக்கு.

கடைசிப் பகுதி பழமுதிர்சோலை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். பாட்டு முடியுற இடம். வந்தவனுக்கு முருகன் அருள் கொடுத்துட்டான், "அஞ்ச வேண்டாம்"னு சொல்லிட்டான். அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. அந்த மலைக்குச் சொந்தக்காரன் அவன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஏறக்குறைய இருபது வரிக்கு ஒரு அருவியைச் சொல்றார். அந்த அருவி மேல இருந்து அகில் கட்டையைச் சுமந்துட்டு வருது, சந்தன மரத்தை உருட்டிட்டு வருது, மூங்கிலை வேரோட பிடுங்குது. உச்சிப் பாறையில தொங்குற தேனடை சிதறி, பலாச்சுளை தண்ணியில கலக்குது. குரங்கு குளிர்ல நடுங்குது. பெண் யானையோட நெத்தி சில்லுன்னு ஆகுது. வாழை சாயுது, தென்னங்குலை விழுது, மிளகுக்கொடி துவளுது. மயில் பயப்படுது, காட்டுக்கோழி சிதறி ஓடுது. கரடி போய் பாறைப் பிளவுக்குள்ள பதுங்குது. இவ்வளவையும் சுமந்துட்டு அந்தத் தண்ணி "இவன் மலை, இவன் மலை"ன்னு இறங்கி வருது. பாட்டு அங்க முடியுது.

நக்கீரர் அந்த அருவி என்னென்ன சுமந்துட்டு வந்துச்சுன்னு எழுதினார். எங்க தெருவுக்கு அடையாறு வந்தப்ப அது என்னென்ன சுமந்துட்டு வந்துச்சுன்னு நான் சொல்றேன். மெத்தை, கேஸ் சிலிண்டர், ஃப்ரிட்ஜ், ஸ்கூல் பை, செத்த மாடு, செருப்பு, எங்கயோ இருந்து ஒரு தொட்டில். தண்ணி வடிஞ்ச பிறகு பார்த்தா கரையில இருந்த ஒவ்வொரு மரத்துலயும் ஆளுயரத்துக்கு மேல பிளாஸ்டிக் கவர் தொங்குச்சு. தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு அந்தக் கவர்களை வச்சுத்தான் நாங்க அளந்தோம். ஆறு தன் கையில இருக்கறதைத்தான் கொண்டு வரும். அதோட கையில நாம என்ன வச்சிருந்தோமோ, அது.

இப்ப முக்கியமான இடம். அதே கடைசிப் பகுதியில, ஆறு வீடு போதாதுன்னு, முருகன் வேற எங்கெல்லாம் இருப்பான்னு நக்கீரர் ஒரு பட்டியல் போடுறார். காடு. சோலை. ஆத்துக்கு நடுவுல இருக்கிற திட்டு. ஆறு. குளம். நாலு தெரு கூடுற இடம். புதுசா பூத்த கடம்ப மரம். ஊர்ப் பொதுமன்றம். இந்த மாதிரி இடங்கள்ல எல்லாம் அவன் இருக்கான்னு தனக்குத் தெரிஞ்சதைச் சொல்றார்.

ஆறு. குளம். இந்த ரெண்டு வார்த்தையைப் படிச்சதும் அன்னிக்கு ராத்திரி புத்தகத்தை மூடிட்டேன். குன்றத்தூர்ல 84 படி ஏறி நான் பார்க்கப் போற முருகன், வழியில பாலத்துக்குக் கீழயும் இருக்கான்னு நக்கீரர் எழுதி வச்சிருக்கார். அந்த வீட்டைக் கடக்கும்போதுதான் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

"ஆறு"ங்கிற வார்த்தையையே பாருங்க சொந்தங்களே. ஆறுமுகம்னா எண்ணிக்கை. ஆத்துல ஓடுறது தண்ணி. ஆற்றுப்படைன்னா? அங்க ஆறுன்னா வழி. அருள் பெற்றவன் ஒருத்தன், இன்னும் பெறாதவனுக்கு "இந்த வழியா போ"ன்னு காட்டுறதுதான் ஆற்றுப்படை. அந்த ஆற்றுப்படைதான் ஜனங்க வாயில ஆறுபடை ஆச்சுன்னு தமிழ் அறிஞர்கள் சொல்லுவாங்க. தண்ணி போற தடம்தான் மனுஷன் போற முதல் வழியா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. இது என் சொந்த யோசனை, இலக்கணம் படிச்சவங்க திருத்தினா ஏத்துக்கிறேன்.

இன்னொண்ணு. தினமும் 108 தடவை "சரவணபவ" சொல்றோம். ஸ்டேட்டஸ்ல வைக்கிறோம், கார் கண்ணாடியில ஒட்டுறோம். சரவணம்னா நாணற்காடு. சரவணபவன்னா நாணல் அடர்ந்த பொய்கையில தோன்றியவன். நெற்றிக்கண்ணுல இருந்து வந்த ஆறு பொறியையும் கங்கை தாங்கிக் கொண்டுவந்து நாணற்பொய்கையில சேர்த்ததுன்னு புராணம். அதனாலதான் அவனுக்குக் காங்கேயன்னு ஒரு பேர். கங்கையோட பிள்ளை. ஆத்துக்குப் பிள்ளையா இருக்கிற சாமி நம்ம சாமி. நாணலைப் பத்தி ஒரு டெக்னிக்கல் தகவல்: கழிவுநீரைச் சுத்தம் பண்ண இன்னிக்கும் உலகம் முழுக்க நாணல் படுகை அமைக்கிறாங்க. அதோட வேர்ல வாழுற நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். குழந்தையை எங்க விடணும்னு கங்கைக்குத் தெரிஞ்சிருக்கு!

நக்கீரர் ஏன் இந்தப் பாட்டைப் பாடினார்னு ஒரு கதை உண்டு, நிறைய பேர் கேட்டிருப்பீங்க. அவர் ஒரு குளக்கரையில உட்கார்ந்து சிவபூஜை பண்ணிட்டு இருந்தார். மரத்துல இருந்து ஒரு இலை விழுந்தது. பாதி தண்ணியில, பாதி கரையில. தண்ணியில விழுந்த பாதி மீன் ஆச்சு, கரையில விழுந்த பாதி பறவை ஆச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துச்சு. நக்கீரர் பூஜையை மறந்து அதையே பார்த்துட்டார். பூஜையில கவனம் தப்பினவங்களைப் பிடிச்சு அடைக்கிற ஒரு பூதம் அவரைக் கொண்டுபோய் குகையில அடைச்சுது. அங்க ஏற்கனவே 999 பேர். இவரோட ஆயிரம். ஆயிரம் ஆனதும் சாப்பிடலாம்னு பூதம் காத்திருந்தது. அப்ப நக்கீரர் இந்தப் பாட்டைப் பாட, முருகன் வேலால குகையைப் பிளந்து எல்லாரையும் காப்பாத்தினான்.

பிரவசனத்துல இந்தக் கதைக்கு எப்பவும் ஒரே விளக்கம்தான் கேட்டிருக்கேன்: பூஜையில கவனம் சிதறக்கூடாது. சரிதான். ஆனா பாட்டைப் படிச்ச பிறகு எனக்கு வேற மாதிரி தோணுச்சு. ஒரு இலையையும் மீனையும் பறவையையும் பார்த்ததுக்காக அடைபட்டவர், தப்பிக்கிறதுக்குப் பாடின பாட்டுல என்ன வச்சார்? வண்டு, மயில், கரடி, காட்டுக்கோழி, மிளகுக்கொடி. "இனிமே வேடிக்கை பார்க்க மாட்டேன்"னு அவர் சொல்லல. எதை வேடிக்கை பார்த்தாரோ அதையே முருகன் முன்னாடி கொண்டுபோய் வச்சார். முருகன் அதுக்குத்தான் வேலை எடுத்தான்.

(ஒரு சின்ன விஷயம். அதே பத்துப்பாட்டுல கபிலர் பாடின குறிஞ்சிப்பாட்டு இருக்கு. அதுல 99 பூக்களோட பேர் வரும். உ.வே.சா. 1889ல பத்துப்பாட்டை அச்சுக்குக் கொண்டு வரும்போது அவர்கிட்ட இருந்த ஏட்டுல சில பூப்பேர்கள் சிதைஞ்சு போயிருந்துச்சு. அதைத் தேடி அலைஞ்சு, தருமபுரம் ஆதீனத்து ஏட்டுல கண்டுபிடிச்சார். சில பூக்களோட வெறும் பேருக்காக ஒரு மனுஷன் அவ்வளவு தவிச்சிருக்கார்.)

சரி, ஔவையாரும் நாவல் பழமும். பழமுதிர்சோலைன்னாலே எல்லாரும் சொல்ற கதை. மரத்து மேல மாட்டுக்காரப் பையனா முருகன். "சுட்ட பழமா, சுடாத பழமா?" ஔவைக்குப் புரியல, சுடாத பழம் கேட்டாங்க. பழம் கீழ மணல்ல விழுந்தது. எடுத்து ஊதினாங்க. "பாட்டி, பழம் சுடுதா?"ன்னு பையன் சிரிச்சான். நாம எல்லாம் அந்தச் சிலேடையில மயங்கிடுறோம். நான் இப்ப கவனிக்கிறது கீழ இருந்த மணலை. விழுந்த பழத்தை எடுத்து ஊதினா வாயில போட்டுக்கலாம், அவ்வளவு சுத்தமான தரை. அங்க அந்தத் தரை இல்லேன்னா அந்தத் திருவிளையாடலே நடந்திருக்காது. எங்க ஆத்தங்கரையிலும் நாவல் மரம் இருந்துச்சாம், ஆயா சொல்றாங்க. விழுந்த பழத்தை ஊதித்தான் தின்னாங்களாம்.

இதையெல்லாம் எங்க பாதயாத்திரை குரூப்ல எழுதினேன். நிறைய பேர் அரோகரா போட்டாங்க. ரெண்டு மூணு பேர் சண்டைக்கு வந்தாங்க. வந்ததுதான் நல்லது.

ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, ஆறே சாக்கடை. ஊர்க் கழிவு மொத்தமும் அதுலதான் போகுது. நாம போடுற ஒரு மாலையால என்ன கெட்டுடப் போகுது?"

நியாயமான கேள்வி. அடையாறு கெட்டதுக்கு முதல் காரணம் பூமாலை இல்ல, சுத்திகரிக்காத கழிவுநீர்தான். பூவும் பாலும் அழுகும்போது அதைச் சிதைக்கிற பாக்டீரியா தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும். கழிவுநீர் வந்தாலும் நடக்கிறது இதேதான், அளவுதான் பல மடங்கு பெருசு. அந்தக் கழிவுச் சத்துலதான் ஆகாயத்தாமரை அப்படிக் கொழுக்குது. மழைக்காலத்துல பாலத்துக்கு அடியில அடைக்கிறதும் அதுதான். இந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: உன் வீட்டுல ஏற்கனவே குப்பை கிடக்குன்னு வர்ற விருந்தாளி ஆளுக்கு ஒரு கவர் போட்டுட்டுப் போனா ஒத்துக்குவியா? அதுவும் "சாமி"ன்னு சொல்லிக்கிட்டே போட்டா?

அந்தக் கேள்வி என்னையும் ஒரு இடத்துல குத்துச்சு. எங்க தெருவுல செப்டிக் டேங்க் நிறைஞ்சா லாரி வரும், உறிஞ்சிட்டுப் போகும், காசு கொடுப்போம். அந்த லாரி எங்க போய் காலி பண்ணுதுன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. போன மாசம்தான் முதல் தடவையா கேட்டேன். டிரைவர் ஒரு இடத்தைச் சொன்னார். ரசீது கேட்டேன், இல்லைன்னார். அடுத்த தடவை ரசீது தர்ற வண்டியைத்தான் கூப்பிடணும்னு தெருவுல நாலு வீட்டோட பேசி வச்சிருக்கேன்.

இன்னொருத்தர், வயசுல மூத்தவர், "கரையில குடிசை போட்டவங்கதான் ஆத்தைக் கெடுத்தாங்க"ன்னு எழுதினார். இதுக்கு மட்டும் என்னால அமைதியா இருக்க முடியல. 2025 மே மாசம் அனகாபுத்தூர் ஆத்தங்கரையில வீடுகளை இடிச்சாங்க. ஆறு சீரமைப்புன்னுதான் காரணம் சொன்னாங்க. பல வருஷமா தைப்பூசத்துக்கு என்கூட நடந்த ஒரு அண்ணன் குடும்பம் அதுல போச்சு. அவருக்கு இப்ப கீரப்பாக்கத்துல வீடு. அங்க இருந்து கிருத்திகைக்குக் குன்றத்தூர் வர்றதுன்னா ஒரு நாள் கூலி போயிடும். ஆறு அகலமா இருக்கணும்ங்கிறது எனக்குப் புரியுது, 2015ல என் கழுத்து வரைக்கும் புரிஞ்சுது. ஆனா கான்கிரீட் வீட்டுல இருந்து பைக்ல வந்து பாலத்து மேல நின்னு கவரைத் தூக்கிப் போட்டவன் அந்த அண்ணன் இல்ல. நான்தான். என் வீட்டை யாரும் இடிக்கல.

நமக்குப் பக்கத்துலயே இருக்கிற திருநீர்மலையை எடுத்துக்குங்க. பேர்லயே தண்ணி. மலையைச் சுத்தி வெள்ளம் சூழ்ந்ததால திருமங்கையாழ்வார் ஆறு மாசம் காத்திருந்து, தண்ணி வடிஞ்ச பிறகு பெருமாளைச் சேவிச்சார்னு தல வரலாறு. ஆறு மாசம் காத்திருந்தார்! நம்ம ஆளா இருந்தா அந்த ஆறு மாசத்துல மண்ணைக் கொட்டி பிளாட் போட்டு அட்வான்ஸ் வாங்கியிருப்போம்.

கரை சேர்ற கதையும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். இதே அடையாறு கடல்ல சேர்ற கழிமுகத்துல 58 ஏக்கர்ல ஒரு பூங்கா இருக்கு. ஒரு காலத்துல அங்கயும் குப்பை, கட்டட இடிபாடுதான். அதை அள்ளி, நீர்நிலையைத் திரும்பக் கொண்டு வந்து, உள்ளூர் மரம் செடி நட்டு, 2011ல திறந்தாங்க. பேர் தொல்காப்பியப் பூங்கா. தொல்காப்பியர்தானே குறிஞ்சி நிலத்துக்குச் சேயோன் தெய்வம்னு முதல்ல இலக்கணம் எழுதினவர்? நம்ம ஆறு போய்ச் சேர்ற இடத்துல அவர் பேர் நிக்குது. மனுஷன் கெடுத்த இடத்தை மனுஷனே திருத்த முடியும்னு அங்க நடந்து பார்த்தா நம்பிக்கை வருது.

எங்க குரூப்ல என்ன பண்றோம்னு கேட்டிருந்தீங்க. பெருசா ஒண்ணும் இல்ல. முதல் மாசம் பாலத்துப் பக்கம் ஒரு டிரம் வச்சு, "சாமி பூவை இதுல போடுங்க"ன்னு எழுதினோம். மூணாவது நாள் டிரம்மைக் காணோம். இப்ப ஆளாளுக்கு வீட்டுலயே மண்தொட்டியில போட்டு உரமாக்குறோம். அப்பத்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. பூ மக்குது, பூ கட்டின நூல் மக்கல. முன்னாடி வாழைநார்லதான் கட்டுவாங்க, இப்ப நிறைய கடையில பிளாஸ்டிக் நூல். இதைக் கேட்டு ஆயாவுக்குச் சிரிப்பு. எங்க ஊர் நெசவு ஊர். தாத்தா தறி நெஞ்சவர், நாங்க நவவீரர் வழின்னு பெருமையா சொல்லுவார். அவர் காலத்துல இங்க நெய்த கட்டம் போட்ட துணி நைஜீரியா வரைக்கும் போச்சு. இப்ப அனகாபுத்தூர்ல வாழைநார்ல புடவையே நெய்யறாங்க, வெளியூர்ல இருந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க. வாழைநார்ல புடவை நெய்யற ஊர்ல முருகனுக்கு பிளாஸ்டிக் நூல்ல மாலை! பூக்கார அக்காகிட்ட சொன்னேன். "நார் நீ கொண்டு வா, கட்டித் தர்றேன்"னு சொல்லிட்டாங்க. இப்ப கொண்டு போறேன்.

படம் விஷயம். எனக்குத் தெரிஞ்ச ஒரு குருக்கள்கிட்ட கேட்டேன், ஓடுற தண்ணியில விடுறதுதானே சாஸ்திரம்னு. "ஓடுற தண்ணி இருந்தப்ப சொன்னதுப்பா அது. வீட்டுல ஒரு வாளித் தண்ணியில காகிதத்தைக் கரைச்சு செடிக்கு ஊத்து, போதும்"னு சொன்னார். கண்ணாடியையும் சட்டத்தையும் எடுத்துட்டு, மிச்சமிருந்த காகிதத்தை ஆயாதான் வாளியில கரைச்சாங்க. மாடியில செம்பருத்தித் தொட்டிக்கு ஊத்தினோம். ஆயா எதுவும் பேசல. ஊத்தி முடிச்சதும் தொட்டி மண்ணைத் தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டாங்க.

வர்ற ஆடிக் கிருத்திகைக்கு வழக்கம்போல நடக்கிறோம். காலையில அஞ்சு மணிக்கு அனகாபுத்தூர் பக்கம் பாலத்து முனையில கூடலாம். இந்தத் தடவை தண்ணி பாக்கெட் கிடையாது, பேப்பர் கப் கிடையாது. பாலத்துல அஞ்சு நிமிஷம் நின்னு, ஆத்தைப் பார்த்து சரவணபவ சொல்லிட்டு அப்புறம் மலைக்குப் போறோம். நாத்தம் இருக்கும், தெரிஞ்சே வாங்க. கீரப்பாக்கம் அண்ணனுக்கு முந்தின நாள் ராத்திரியே எங்க வீட்டுக்கு வந்துடச் சொல்லியிருக்கேன். ஆயா மோர் கரைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. டம்ளர் மட்டும் அவங்கவங்க கொண்டு வந்துடுங்க.

வேலுண்டு வினையில்லை. மயிலுண்டு பயமில்லை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!